பந்தி விசாரிப்பு

“பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து” என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. சாப்பாட்டுக்கு முதல் ஆளாக ஓடு, சண்டைக்குக் கடைசி ஆளாகப் போ என்று இதற்கு வேடிக்கையாகப் பொருள் சொல்வோர் உண்டு. உண்ணும்போது வலக்கை முன்னே வரும், அம்பு எய்யும்போது பின்னே போகும் என்று விளக்குவோரும் உண்டு. எப்பொருளாயினும், நம் மன்றத்தின் ஆட்ட நாளன்று படையும் பந்தியும் ஒரே நாளில் வந்துவிடுகின்றன.

ஆட்ட நாளைப் பற்றி அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். செப்டம்பர் இறுதியில் வரும் இடைவார விடுமுறையின் சனிக்கிழமை, செலிகி சாலைப் பக்கம் உள்ள ஒரு கணினி விளையாட்டுக் கடையில் காலை பத்து மணிக்குக் கூடுவோம். மலேசியாவில் இத்தகைய கடையை ‘சிசி’ என்போம். மாலை ஆறு மணி வரை ஐவர் ஐவராக அணி பிரிந்து மோதுவோம். கணினியில் நாட்டமில்லாதவர்களுக்கு ஓரத்து மேசையில் கேரமும் சதுரங்கமும் உண்டு. 2024 டிசம்பரில் செந்தோசாவில் நடந்த உலகப் போட்டியில் சென்னையின் குகேஷ் 18 வயதிலேயே வெற்றியாளரான பிறகு, அந்த ஓரத்து மேசைக்குத்தான் வரிசை நீள்கிறது.

இந்த ஆட்டங்களுக்கு நாங்கள் ஒரு மாதம் திட்டமிடுகிறோம். எந்த அணியில் யார், யார் முன்னே பாய்வது, யார் பின்னே நின்று காப்பது என்று அட்டவணையே போடுகிறோம். ஆனால் ஆட்டம் முடிந்து பதின்மூன்று பேர் பசியோடு தெருவில் நிற்கும்போது, “எங்கே சாப்பிடலாம்?” என்ற கேள்விக்கு நம்மிடம் இருக்கும் விடை ஒன்றே ஒன்றுதான்: “எதுவானாலும் பரவாயில்லை.”

இக்கட்டுரை உணவகங்களைப் பரிந்துரைக்க எழுதப்பட்டதன்று. ஒரு கூட்டத்தை உணவுக்கு அழைத்துச் செல்பவர் என்னென்ன எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை, சென்ற ஆண்டு நான் செய்த ஒரு தவற்றின் வழியாக எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

சென்ற ஆண்டு இரவுணவுக்குப் பொறுப்பாளன் நான். மாலை ஐந்து மணிக்கு, ஆட்டத்தின் நடுவே, புலனக் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வைத்தேன். லிட்டில் இந்தியாவில் உள்ள ஓர் உணவகத்துக்கு ஒன்பது பேர் வாக்களித்தார்கள். நால்வர் வாக்களிக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

செலிகி சாலை நேராகச் சென்று சிராங்கூன் சாலையாக மாறும். பேசிக்கொண்டே நடந்தோம். உணவகத்தில் மீன்தலைக் கறி, நண்டு, கோழி என்று நடுமேசையில் வைத்துப் பகிர்ந்து உண்ணும்படி நானே சொல்லிவிட்டேன். அப்போது புரட்டாசி மாதம் என்பது என் நினைவில் இல்லை. ஐந்து பேர் விரதம். அவர்கள் வெள்ளைச் சோறும் பருப்பும் பொரியலும் உண்டார்கள். முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் மேசையின் கோடியில் அமர்ந்து எலுமிச்சைச் சாறு மட்டும் அருந்திக்கொண்டிருந்தான்.

“சாப்பிடலையா தம்பி?” என்றேன்.

“பசியில்லைண்ணே,” என்றான்.

எட்டு மணி நேரம் விளையாடியவனுக்குப் பசி இல்லாமல் இருக்குமா? எனக்கு அப்போது அது தோன்றவில்லை. உணவு 320 வெள்ளி. சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்து 383 வெள்ளி 68 காசு. “சமமாகப் பிரிப்பதுதான் நியாயம்,” என்று அறிவித்து, ஆளுக்கு 29 வெள்ளி 50 காசு என்று கணக்கிட்டேன். மீதி 18 காசைப் பெரிய மனத்தோடு நானே ஏற்றுக்கொண்டேன். அந்தத் தம்பி கைத்தொலைபேசியை எடுத்து, அங்கேயே 29 வெள்ளி 50 காசை எனக்கு அனுப்பினான். ஒரு குவளை எலுமிச்சைச் சாற்றுக்கு!

அதன்பிறகு அவன் மன்றத்தின் எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை. அவன் இஸ்லாமியத் தமிழன் என்பதும், அந்த உணவகத்தில் ஹலால் சான்றிதழைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் அமர்ந்தான் என்பதும், அந்த 29 வெள்ளி 50 காசு அவனுக்கு ஒரு வார மதிய உணவு என்பதும் இரண்டு மாதங்கள் கழித்து வேறொரு நண்பன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தன.

முதல் பாடம்: விருப்பத்துக்கு முன் தேவை

நான் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரமான விருந்தோம்பலில் உள்ள பத்துக் குறளையும் மேடையில் ஒப்புவித்துப் பரிசும் வாங்கியிருக்கிறேன். அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். படிவம் ஒன்றில் என் அருகில் அமர்ந்த மலாய் நண்பன் ஓய்வு நேரத்தில் வீட்டு உணவுப் பெட்டியைத் திறந்ததும் முதலில் ஒன்றைச் சொல்வான்: “இதில் மாட்டிறைச்சி இருக்கிறது. உனக்கு ஆகுமா?” ஆகாது என்றால், சோற்றையும் முட்டையையும் தொடாமல் ஒரு பக்கம் ஒதுக்கி எனக்குத் தருவான். அவனுக்குப் பதின்மூன்று வயதில் தெரிந்திருந்த ஒன்று, எனக்கு இருபத்தோரு வயதில் மறந்துபோனது எப்படி என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

வாக்கெடுப்புதான் என்னை ஏமாற்றியது என்று இப்போது தோன்றுகிறது. பரோட்டாவா தோசையா என்பது விருப்பம். அதற்கு வாக்கெடுக்கலாம். ஹலால், சைவம், மாட்டிறைச்சி உண்ணாமை, நிலக்கடலை ஒவ்வாமை ஆகியவை தேவைகள். தேவைக்கு வாக்கெடுத்தால், ஒன்பதுக்கு நான்கு என்ற கணக்கில் நால்வர் பசியோடு வீடு திரும்புவார்கள். ஆகவே முதலில் தேவைகளைக் கேட்டு, அவை அனைத்துக்கும் பொருந்தும் இடங்களைப் பொறுக்கி, அந்தப் பட்டியலுக்குள் மட்டுமே வாக்கெடுக்க வேண்டும்.

இங்கே நம்மில் பலரிடம் உள்ள இரண்டு தவறான எண்ணங்களைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

ஒன்று, “பன்றி இறைச்சி இல்லையென்றால் ஹலால்தானே” என்பது. அப்படியன்று. விலங்கு அறுக்கப்பட்ட முறை, சமையலில் மது சேர்ந்துள்ளதா, பாத்திரங்கள் எதற்குப் பயன்பட்டவை என அனைத்தும் இதில் அடங்கும். சிங்கப்பூரில் முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம் 1978ஆம் ஆண்டு முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. சான்றிதழ் பெறாத, ஆனால் இஸ்லாமியர் நடத்தும் கடைகளும் உண்டு. அவற்றில் உண்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு.

இரண்டு, “சைவ உணவகம் என்றால் எல்லாருக்கும் சரி” என்பது. பலருக்குச் சரிதான். ஆயினும் சான்றிதழ் இருந்தால்தான் உண்பேன் என்போர் இருக்கலாம். வெங்காயம், பூண்டு தவிர்ப்போரும் இருக்கலாம். இவற்றையெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு கேள்வி கேட்டால் போதும்.

இரண்டாம் பாடம்: பணக்கணக்கு

உணவுப் பட்டியலில் காணும் விலை நாம் கொடுக்கும் விலையன்று. பெரும்பாலான உணவகங்களில் முதலில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேரும். அந்தக் கூட்டுத்தொகையின்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேரும். (2007 முதல் 7 விழுக்காடாக இருந்த இவ்வரி 2023இல் 8 ஆகவும் 2024இல் 9 ஆகவும் உயர்ந்தது.) எனவே 100 வெள்ளி உணவு 110 ஆகி, பின் 119 வெள்ளி 90 காசு ஆகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்கு தவறாது. உணவங்காடி நிலையத்தில் சேவைக் கட்டணம் இல்லை. ஒட்டியுள்ள விலையே கொடுக்கும் விலை.

அடுத்தது, வரவுசெலவை எப்படிக் கேட்பது? குழுவில் வெளிப்படையாகக் கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். பெற்றோர் தரும் பணத்தில் படிப்பவரும், பகுதிநேர வேலை செய்து படிப்பவரும், கல்விக் கடனில் படிப்பவரும் ஒரே குழுவில் இருக்கிறோம். ஆகவே பொறுப்பாளர் மட்டும் பார்க்கும்படி தனியாகக் கேட்க வேண்டும். கிடைத்த விடைகளின் சராசரியை எடுக்கக் கூடாது. ஆகக் குறைந்த தொகை எதுவோ அதுவே அன்றைய எல்லை. பன்னிரண்டு பேர் 30 வெள்ளி என்றும் ஒருவர் 10 வெள்ளி என்றும் சொன்னால், அன்று 10 வெள்ளிக்குள் உண்ணக்கூடிய இடத்துக்குத்தான் போக வேண்டும். 30 வெள்ளி வைத்திருப்பவர் 10 வெள்ளிக்கு உண்ண முடியும். 10 வெள்ளி வைத்திருப்பவர் 30 வெள்ளிக்கு உண்ண முடியாது.

சமமாகப் பிரிப்பது என்பது எல்லாரும் சமமாக உண்டபோது மட்டுமே நியாயம். இல்லையேல் அவரவர் உண்டதற்கு அவரவர் கொடுப்பதே முறை.

மூன்றாம் பாடம்: இடமும் நேரமும்

லிட்டில் இந்தியாவைச் சுற்றி நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய இடங்கள் மூன்று வகை.

முதல் வகை, சைவ உணவகங்கள். 1924இல் தொடங்கிய ஆனந்த பவனும் 1947இல் தொடங்கிய கோமள விலாசும் இவ்வட்டாரத்தின் மூத்த பெயர்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்துக்கு வரும் கூட்டத்தில் ஒரு பகுதி இத்தகைய உணவகங்களுக்கும் வரும். பதின்மூன்று பேர் ஒன்றாகப் போய் நின்றால் ஒரே மேசை கிடைப்பது அரிது. பழைய கடைவீடுகளில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும் என்பதையும், படியேற இயலாத நண்பர் இருந்தால் கருத வேண்டும்.

இரண்டாம் வகை, ரேஸ் கோர்ஸ் சாலையின் வாழையிலை உணவகங்கள். 1969இல் தொடங்கிய முத்தூஸ் கறியும் 1974இல் தொடங்கிய பனானா லீஃப் அப்போலோவும் இச்சாலையில் புகழ் பெற்றவை. இந்தச் சாலைக்கு ஏன் இந்தப் பெயர் தெரியுமா? 1840களிலிருந்து 1933 வரை ஃபேரர் பார்க் திடலில் குதிரைப் பந்தயம் நடந்தது. பின்னர் பந்தயம் புக்கிட் தீமாவுக்குச் சென்றுவிட, பெயர் மட்டும் இங்கே தங்கிவிட்டது. ஆக, இந்த வட்டாரத்துக்கு ஆட்டம் பார்க்கக் கூட்டம் வருவது ஒன்றும் புதிதன்று!

மூன்றாம் வகை, தேக்கா நிலையம். மூங்கில் அடிவாரம் என்னும் பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது தேக்கா. 1915ஆம் ஆண்டின் பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை 1982இல் சாலையின் எதிர்ப்புறத்துக்கு இடம்பெயர்ந்து, சூஜியாவ் நிலையம் என்ற பெயரில் சில காலம் இருந்து, 2000இல் தேக்கா நிலையம் ஆனது. கீழ்த்தளத்தில் ஈரச்சந்தையும் உணவுக் கடைகளும், மேல்தளத்தில் துணிக் கடைகளும் உள்ளன. இஸ்லாமியர் நடத்தும் பிரியாணிக் கடை, சைவக் கடை, சீனர் கடை எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருப்பதால், வெவ்வேறு தேவை உள்ள நண்பர்கள் ஒரே மேசையில் அமரலாம். சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்ததற்குரிய பெருமை இதில்தான் இருக்கிறது என்பேன். ஆனால் குறைகளும் உண்டு. முன்பதிவு செய்ய முடியாது. எல்லாக் கடைகளும் இரவு வரை திறந்திருப்பதில்லை. ஆகவே ஏழு மணிக்கு முன்னரே போய்விட வேண்டும். தட்டை நாமே திருப்பி வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது சட்டப்படி கட்டாயம். ஹலால் தட்டுக்குத் தனி இடம் இருந்தால் அதைக் கவனித்து வைப்பதும் நம் கடமை.

நேரத்தைப் பற்றி இரண்டு செய்திகள். முதலாவது, ஞாயிற்றுக்கிழமை மாலையைத் தவிர்த்துவிடுங்கள். இதை நெரிசலுக்காக மட்டும் சொல்லவில்லை. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வாரம் முழுவதும் உழைக்கும் தமிழகத்து, வங்காளதேசத்து ஊழியர்கள் ஊர்க்காரரைச் சந்திப்பதும், வீட்டுக்குப் பணம் அனுப்புவதும், நாவுக்குப் பழகிய உணவை உண்பதும் அந்த ஒரு மாலையில்தான். நமக்கு வாரத்தில் ஏழு மாலைகள் இருக்கின்றன. அவர்களுடைய ஒரு மாலையில் பதின்மூன்று நாற்காலிகளை நாம் பிடித்துக்கொள்ள வேண்டாமே!

இரண்டாவது, வீடு திரும்பும் நேரம். விடுதியில் இருப்பவருக்குக் கடைசி ரயில் வரை கவலையில்லை. ஜொகூர் பாருவுக்குத் திரும்பும் நண்பரோ குவீன் ஸ்திரீட் நிலையத்துக்கு நடந்து, 170ஆம் எண் பேருந்தோ வேறு பேருந்தோ பிடித்து, உட்லண்ட்சிலும் அக்கரையிலும் இரண்டு முறை குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும். சனிக்கிழமை இரவில் அந்த வரிசை எப்படியிருக்கும் என்று நின்றவர்களைக் கேளுங்கள். அவர் எட்டரைக்குக் கிளம்ப வேண்டுமானால், ஆட்டம் ஆறு மணிக்குக் கண்டிப்பாக முடிய வேண்டும். “இன்னும் ஒரே ஒரு ஆட்டம்” என்று நாம் இழுக்கும் நாற்பது நிமிடம் அவருடைய சாப்பாட்டு நேரத்திலிருந்துதான் கழிகிறது.

மீன்தலை சொல்லும் செய்தி

சென்ற ஆண்டு நடுமேசையில் இருந்த மீன்தலைக் கறிக்கு ஒரு வரலாறு உண்டு. அது தமிழகத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ அப்படியே வந்த உணவன்று, சிங்கப்பூரில் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் எம். ஜே. கோமஸ் என்ற கேரளத்துக்காரர் சோஃபியா சாலையில் ஓர் உணவகம் நடத்தினார். சீன வாடிக்கையாளர்கள் மீன்தலையை விரும்பி உண்பதைக் கண்டு, அதைத் தம் ஊர் மசாலாவில் சமைத்துக் கொடுத்தார். இன்று சிங்கப்பூரின் அடையாள உணவுகளுள் ஒன்றாக அது இருக்கிறது.

எதிரே அமர்ந்திருப்பவருக்கு என்ன பிடிக்கும் என்று கவனித்த ஒருவரால் பிறந்த உணவு அது. அதை வாங்கி வைத்துவிட்டு, எதிரே அமர்ந்திருந்த தம்பியைக் கவனிக்காமல் விட்டவன் நான்.

என் தாத்தாவை நினைத்துக்கொள்கிறேன். தோட்டத்துத் திருமணங்களில் பந்தி நடக்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தோளில் துண்டோடு இலை வரிசைக்கு நடுவே மெல்ல நடந்துகொண்டே இருப்பார். யாருடைய இலையில் என்ன தீர்ந்தது, யார் எதை ஒதுக்கி வைத்தார் என்று பார்ப்பார். கேட்கக் கூச்சப்படுபவர் பக்கத்தில் குனிந்து, “என்னப்பா வேணும்?” என்பார். அதற்குப் பந்தி விசாரிப்பு என்று பெயர். பரிமாறுவதற்குப் பல பேர் இருப்பார்கள். விசாரிப்பதற்கென்று ஒருவர் தனியாக இருப்பார். நம் குழு இரவுணவுகளில் இல்லாமல் போனது அந்த ஒருவர்தான்.

இந்த ஆண்டு

இந்த ஆண்டும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு வாரத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக நான்கு கேள்விகள் கேட்டேன்.

1. நீங்கள் உண்ணாதது, உண்ணக் கூடாதது எது?
2. அன்று எவ்வளவு வரை செலவழிக்க இயலும்?
3. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?
4. நான் கேட்க மறந்தது ஏதேனும் உண்டா?

நான்காம் கேள்விக்குத்தான் மிகப் பயனுள்ள விடைகள் வந்தன. ஒருவருக்கு மூட்டுவலி, படியேற இயலாது. ஒருவர் அன்று வேலை முடிந்து தாமதமாக வருவார், அவருக்கு உணவு வாங்கி வைக்க வேண்டும். “எதுவானாலும் பரவாயில்லை” என்று எழுதிய மூவரைத் தொலைபேசியில் அழைத்து மீண்டும் கேட்டேன். மூவருக்கும் ஏதோ ஒன்று பரவாயில்லாமல் இல்லை!

எல்லா விடைகளையும் சேர்த்துப் பார்த்தபோது தேக்கா நிலையம் தானாகவே முடிவாயிற்று. ஐந்தே முக்காலுக்கு இருவர் முன்னே சென்று அடுத்தடுத்த இரண்டு மேசைகளில் இடம்பிடித்தார்கள். பழமொழியில் சொன்னபடி நாங்களும் பந்திக்கு முந்தினோம், ஆனால் உண்பதற்கு அல்ல.

அந்தத் தம்பிக்கும் செய்தி அனுப்பியிருந்தேன். இரண்டு நாள் கழித்து, “பார்க்கிறேண்ணே” என்று விடை வந்தது. ஆட்டத்துக்கு அவன் வரவில்லை. ஆறே முக்கால் மணிக்குத் தேக்காவுக்கு வந்தான். ஆட்டுப் பிரியாணி வாங்கிவந்து அமர்ந்தான். அவனுக்கு இந்தப் பக்கம் கோழி உண்பவர், அந்தப் பக்கம் புரட்டாசி விரதத்தோடு தோசை உண்பவர்.

சென்ற ஆண்டைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன்.

“அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேண்ணே. இருபத்தொன்பது அம்பதுதானே, விடுங்க,” என்று சிரித்தான்.

காசு வரை நினைவிருப்பவன் மறந்துவிட்டான் என்று எப்படி நம்புவது? பணத்தைத் திருப்பித் தர முயன்றேன். வாங்க மறுத்துவிட்டான். ஒரு தே தாரே வாங்கித் தர மட்டும் ஒப்புக்கொண்டான். அன்று என் மொத்தச் செலவு, அந்தத் தேநீரையும் சேர்த்து, ஒன்பது வெள்ளி. எட்டு மணிக்கு அவன் குவீன் ஸ்திரீட் நோக்கிக் கிளம்பினான். மன்றத்துக்கு மீண்டும் வருவானா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

முடிவுரை

வாசக நண்பர்களே, நம் மன்றத்துக்குப் புதிதாக வருபவர்களில் பலர் நம் பட்டிமன்றத்தையோ கவிதைப் போட்டியையோ பார்த்துத் தங்குவதில்லை. முதல்முறை நம்மோடு உண்ண வந்த இரவில் தமக்கு ஓர் இடம் இருந்ததா என்று பார்த்துத்தான் தங்குகிறார்கள், அல்லது பேசாமல் விலகுகிறார்கள். விலகியவர்கள் காரணம் சொல்லிவிட்டுப் போவதில்லை. “பசியில்லை” என்று மட்டும் சொல்வார்கள்.

ஆகவே அடுத்த முறை நீங்கள் ஒரு குழுவை உணவுக்கு அழைத்துச் செல்லும்போது, பரிமாறப் பத்துப் பேர் இருந்தாலும், விசாரிக்க ஒருவரை முன்கூட்டியே அமர்த்திக்கொள்ளுங்கள். யாரும் முன்வராவிட்டால் அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.